பின்சக்கரம் சுற்றாத வண்டி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் நடந்தது இது. கார்த்திகை மாதம், அடைமழை. தாயில்பட்டியைத் தாண்டிப் போகும் ஒரு கரிசல் பாதையில், சேற்றின் மேல் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு ஒரு காரின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் கட்டியிருந்தது நல்ல சேலை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எப்படி அங்கே வந்து படுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு இடது கால் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப் போனது. பட்டாசுக்கு வேண்டிய காகிதக் குழாய்களைச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். ஊர் ஊராகப் போய் வீடுகளில் காகிதம் கொடுத்து, பெண்கள் உருட்டி வைத்த குழாய்களை வாங்கி வந்து கம்பெனிகளில் இறக்க வேண்டும். அதற்கு வாடகை வேன்தான் பிடிப்போம். டிரைவர் வந்தால் இவர் போவார். வராவிட்டால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். டீ குடிக்க நிறுத்தவும் டிரைவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு நாளும் வாய்விட்டுப் புலம்பியதில்லை, ஆனால் அந்த நாட்களில் எரிச்சல் முழுக்க என் மேல்தான் வந்து விழும்.

அப்படி இருந்த மனிதருக்குச் சென்னையில் ஒரு பழைய ஜப்பான் கார் கிடைத்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும், வலது கால் மட்டும் போதும். அதோடு முன்சக்கரம் சேற்றில் வழுக்கினால் பின்சக்கரமும் சேர்ந்து தள்ளும். கரிசல்காட்டுக்கு வேறென்ன வேண்டும்? அந்த வண்டி வந்த பிறகுதான் அவர் தன் இஷ்டத்துக்கு எழுந்து, தன் இஷ்டத்துக்குக் கிளம்பிப் போனார். எனக்கும் வீட்டில் கொஞ்சம் நிம்மதி, அதையும் மறைப்பானேன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் வண்டி முரண்டு பிடித்தது. ஒடித்துத் திருப்பினால் பின்னால் உறுமும். சேற்றில் இறங்கினால் முன்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. விருதுநகரில் எங்கள் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“கியர் பாக்ஸ் போச்சு அண்ணாச்சி. இந்த வண்டிக்கு அதக் கழட்டி மாட்டுறதுக்கு இங்கன ஆளும் இல்ல, சாமானும் இல்ல.”

என் கணவரின் அண்ணன் நல்ல மனுஷர், தம்பி மேல் உயிர். அதனாலேயே முடிவும் அவரே எடுத்துவிட்டார். வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டு, டிரைவரோடு ஒரு வேன் ஏற்பாடு செய்துவிடலாம், வார முடிவில் புரோக்கர் வருவான் என்றார். “நீ எதுக்குடா இந்தக் காலோட சேத்துல கிடந்து சீரழியணும்? ராசா மாதிரி பக்கத்துல உக்காந்து போயிட்டு வா” என்றார். என் கணவர் சரி என்று தலையாட்டினார். அன்று ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும், புரோக்கர் வருவதற்குள் ஒரு கிராமத்தில் மிச்சமிருந்த லோடை எடுத்துவிடலாம் என்று கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். ஓடையைத் தாண்டும் இடத்தில் வண்டி சிக்கிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் ஒரு காக்கா குருவிகூட இல்லை.

வழக்கமாக இப்படி ஏதாவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். யாரிடமும் ஒரு சொம்பு தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். அன்று என்ன தோன்றியதோ, “ஏய், எனக்குக் குனிஞ்சு பாக்க முடியாது. நீ தள்ளி நின்னு பக்கவாட்டுல பாரு. நான் மெதுவா ஆக்ஸிலேட்டர் குடுக்கேன்” என்றார். நின்று பார்த்தேன், குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் சாக்கை எடுத்துப் போட்டுப் படுத்தேவிட்டேன்.

“முன் வீல் சுத்துது. பின் வீல் அசையக் காணோம்” என்று கத்தினேன்.

“நடுவுல நீளமா ஒரு தண்டு பின்பக்கம் போகும். அது சுத்துதா?”

“அது கிறுகிறுன்னு சுத்துதுங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாக்குறது நானா நீகளா? சுத்துதுங்கறேன்ல!”

இன்ஜினை அணைத்துவிட்டார். நான் சேறும் சகதியுமாக எழுந்து போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு, “ஏலே, உனக்கு ஒண்ணும் இல்லலே” என்று வண்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார். பிறகு எனக்கும் விளங்கும்படி சொன்னார். கியர் பாக்ஸிலிருந்து வரும் வேகத்தைத்தான் அந்தத் தண்டு பின்னால் கொண்டு போகிறது. தண்டு சுற்றினால் கியர் பாக்ஸ் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். தண்டு போய்ச் சேரும் பின்பெட்டிதான் அதை வாங்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கவில்லை.

“இந்த உறுமல் எப்பருந்து?” என்று கேட்டேன். யோசித்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஆயுத பூஜைக்குப் பிறகுதான் லேசாக ஆரம்பித்தது, தீபாவளிக்கு அப்புறம் முற்றிவிட்டது. பூஜைக்கு நிற்கிற வண்டி உள்ளேயும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லா எண்ணெயையும் மாற்றச் சொன்னவர் இவர்தான்.

ஒரு டிராக்டர் வந்து இழுத்துவிட்டதும் நேரே விருதுநகர் போனோம். என் கோலத்தைப் பார்த்து மெக்கானிக் பயந்தே போனார். பின்பெட்டியைத் திறந்து எண்ணெயை வடித்து, விரலில் தொட்டு மோந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். “அடக் கொடுமையே! நான்தான் அக்கா ஊத்துனேன். பூசைக் கூட்டம்... லாரிக்கு ஊத்துன டின்னுலருந்தே இதுக்கும் ஊத்திட்டேன். இதுக்குன்னு தனி எண்ணெ இருக்குல்ல! அது இல்லாட்டி இந்தப் பெட்டி பின்சக்கரத்தப் பிடிக்காது.” திட்ட நினைத்து வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

அந்த எண்ணெய் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. மெக்கானிக் அதை ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றினார். புது எண்ணெய் உள்ளே முழுக்கப் பரவ வண்டியை எட்டுப் போட்டு ஓட்ட வேண்டும் என்றார். எங்கள் ஊர் வத்தல் காயப்போடும் களம் மழையில் காலியாகக் கிடந்தது. லைசென்ஸுக்குப் போடுகிற மாதிரி என் கணவர் எட்டு எட்டாகச் சுற்ற, நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உறுமல் குறைந்துகொண்டே வந்து, நின்றும் போனது.

“வண்டிய விடுங்க, இப்பமே ஓடைக்குப் போவோம்” என்றேன். வண்டியை நிறுத்தினார்.

“நீ இறங்கிக்கோ.”

எனக்குச் சுருக்கென்றது. சேற்றில் படுத்துப் புரண்டது நான், இப்போது நான் வேண்டாமாக்கும்! விசுக்கென்று இறங்கி, கதவை அறைந்து சாத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடைப் பக்கம் போனார். களத்து ஓரத்தில் நிற்க நிற்கக் கோபம் வடிந்து பயம் பிடித்தது. மறுபடி சிக்கிக்கொண்டால்? ஓடிப் போய்ப் பார்க்கலாமா என்று ரெண்டு எட்டு வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். நாளைக்கும் அதற்கு மறுநாளும் அந்தப் பாதையில் அவர் தனியாகத்தான் போக வேண்டும். நான் பக்கத்தில் இருந்து ஜெயித்தால் அது அவருக்குப் பத்தாது.

தூரத்தில் இன்ஜின் திணறுவது கேட்டது. அப்புறம் அக்கரையிலிருந்து ஹாரன் சத்தம், விடாமல், சின்னப் பிள்ளை அமுக்குவது போல. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன்காரர் மறுநாள் வந்து தம்பி ஓட்ட அந்தப் பாதையில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, புரோக்கரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யாருக்காவது கைகொடுக்கப் போகும்போதெல்லாம், கூட ஏறுவது சுலபம், எந்த இடத்தில் இறங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கஷ்டம் என்று எனக்கு நானே இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.