பறக்கும் ஆட்டை வரைந்தவன்

சவரிக்குட்டி, அன்றைக்குக் குச்சிக்கிழங்கை உரித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் லாரி வந்து நின்றது. நீதான் யார் வண்டியிலாவது தொத்திக்கொண்டு வந்திறங்குகிறாய் என்று நினைத்து, இன்னும் இரண்டு கிழங்கைக் கூடுதலாக எடுத்து வைத்தேன். இறங்கியது டிரைவர் மட்டும். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அக்கா, நாமக்கல்லுல இருந்து வாரேனுங்க" என்றார். மீதியை நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். லாரிப் பட்டறையில் ஒரு வண்டியின் நெற்றியில் மயில் எழுதிக்கொண்டிருந்தாயாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். தோகை பாதியில் நின்றதாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் என் தம்பி சவரிமுத்து, எனக்குச் சவரிக்குட்டி, செய்த பொம்மைப் படத்தை ஓட்டப்போகிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்காக அவனைப் பற்றி எழுதித் தரச் சொன்னார் பங்குச் சாமியார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாதவர் யாராவது அவனைப் பற்றி ஏதாவது எழுதிவிடுவதற்கு இது மேல்.

சேலத்தில் சினிமாக் கம்பெனியில் திரைச்சீலை எழுதுகிற வேலை பார்த்தான். அரண்மனை, தோட்டம், சமுத்திரம் எல்லாம் அவன் கையால் எழுதியவை. அவற்றுக்கு முன்னால் நின்று மற்றவர்கள் வசனம் பேசுவார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன், "அக்கா, எல்லாரும் முன்னாடி நிக்கறவனத்தான் பாக்கறாங்க. நான் எழுதறதே நடந்தா, அதப் பாத்துத்தானே ஆவணும்" என்றான். வேலையை விட்டான். குமாரபாளையத்தில் நூல் வியாபாரம் செய்த ஒருவர் பணம் போட்டுத் துணைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டுத் தொடங்கினோம். அவன் ஆசை ஒன்றே ஒன்றுதான். ஓர் ஊரிலாவது சனம் எழுந்து போகாமல் கடைசி வரைக்கும் உட்கார்ந்து அவன் படத்தைப் பார்க்க வேண்டும். படத்தை வரைந்த நாளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வேலை எப்படி என்றால், படத்தில் வருகிற பறக்கும் ஆட்டை அவன் தாளில் அசைவு அசைவாக வரைவான். அதன் மேல் கண்ணாடித் தாளை வைத்து மையால் கோடு இழுப்பார்கள். நானும் பக்கத்து வீட்டுப் பிலோமினாவும் இன்னும் சில பெண்களும் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வர்ணம் பூசுவோம். ஒவ்வொரு தாளையும் படம் பிடித்து வரிசையாக ஓட்டினால் வரைந்தது நடக்கும். பின்பக்கம் பூசுவதால் எல்லாம் தலைகீழ். கண்ணின் கருமணியை முதலில் வைத்து, அது காய்ந்த பிறகுதான் வெள்ளையைப் பூச வேண்டும். அவசரப்பட்டு வெள்ளையை முதலில் பூசினால் ஆடு குருடாகிவிடும். பிலோமினா ஒரு முழு நாள் குருட்டு ஆடாகப் போட்டுத் தள்ளினாள். "பறக்கற ஆட்டுக்குக் கண்ணு எதுக்குடா, ஆகாசத்துல எது மேல முட்டிக்கப் போவுது?" என்று அவனையே கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கழுவச் சொன்னான்.

அந்த ஆடு மேச்சேரி ஆடு. சிவப்பு உடம்பு, கட்டை வால், ஒட்ட வெட்டினதுபோல மயிர். அதைப் பார்க்க அவன் மேச்சேரிச் சந்தைக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். வாங்குகிறவனுமில்லை, விற்கிறவனுமில்லை என்று அங்கே ஆட்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். இறக்கை வைக்கப்போகிற ஆட்டுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டேன். "பறக்கறதுக்கு முன்னாடி அது ஒழுங்கா நடக்கணுமில்ல அக்கா" என்றான். அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி கதைக்கு வருகிறேன். கதை நன்றாக இல்லை. செத்தவனைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்பார்கள். நான் அவன் உயிரோடு இருந்தபோதே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதைத்தான் இப்போதும் எழுதுகிறேன். படம் நான்கு ரீல். முதல் ரீலில் ஆடு மேய்க்கிறவனும் ராசா மகளும் ஆசைப்படுகிறார்கள். இரண்டாவதில் ஆட்டுக்கு இறக்கை முளைத்து அவனைச் சுமந்துகொண்டு பறக்கிறது. மூன்றாவதில் அரக்கன் ராசா மகளைக் குகைக்குத் தூக்கிப் போகிறான். நான்காவதில் சண்டை, கல்யாணம். ஆடு மலையைத் தாண்டி, மேகத்துக்குள் நுழைந்து, காவேரிக்கு மேலே போகும்போது தண்ணீரில் அதன் நிழல் கூடவே ஓடும். அப்படி ஒரு காட்சியை நான் பிறகு எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. ஆனால் அது எதற்குப் பறக்கிறது? யாருக்கும் தெரியாது. அவனுக்குப் பறப்பதை வரையத்தான் ஆசை. அதைத்தான் முதலில் வரைந்தான். சீக்கிரம் காட்டிவிட வேண்டும் என்று இரண்டாவதாக வைத்தான். "கதை பின்னாடி தானா வரும்" என்பான். வரவேயில்லை.

சேலத்தில் பெரிய படத்துக்கு முன்னால் இதைப் போட்டார்கள். ஆடு பறந்தபோது கொட்டகையே வாயைப் பிளந்தது. அது முடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகச் சோடா குடிக்கவும் பீடி பிடிக்கவும் வெளியே போனார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள், இனி என்ன? பெரிய படத்துக்கு மணி அடித்தபோதுதான் திரும்பினார்கள். வாசலோரம் நின்று போகிற முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் என் தம்பி. வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "கண்ணுக்கு நல்லாருக்குது சாமி. ஆடு எதுக்குப் பறக்குதுன்னுதான் தெரியல" என்றேன். சோற்றில் வைத்த கையைக் கழுவினான். அப்புறம் எழுந்து போய்விட்டான்.

அதன் பிறகு ரீல் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு டூரிங் கொட்டகைகளுக்கு அலைந்தான். தம்மம்பட்டியில் எங்கள் சித்தி வீடு இருந்ததால் அங்கே நானும் கூடப் போனேன். மாலை ஆட்டம். பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தேன். படம் ஓட்ட ஒற்றை மிஷின்தான். ரீல் மாற்ற ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போடுவார்கள். முதல் ரீல் முடிந்து விளக்கு அணைந்ததும், திரையில் ஆடு வரவில்லை. அரக்கன் வந்தான். தம்பி வாசலிலிருந்து மிஷின் அறைக்கு ஓடுவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன்.

ஆபரேட்டர் பயந்துபோனார். மேலே இருந்த டப்பாவை எடுத்தேன், நம்பரைப் பார்க்கவில்லை, நிறுத்தி மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். தம்பி ஓட்டை வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். குகைக்குள் ராசா மகள் அழுதுகொண்டிருந்தாள். ரீல் முடிந்து விளக்கு வந்தது. ஓர் ஆள்கூட எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது எதப் போடட்டுங்க?" என்றார் ஆபரேட்டர்.

"விட்டுப்போனதப் போடு" என்றான்.

ஆடு பறந்தது. நாங்கள் பூசின அதே ஆடு, அதே மேகம். ஆனால் இப்போது அது அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி திரையைப் பார்த்து, "சீக்கிரமாப் போ சாமி, புள்ள அங்க அழுவுது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. காவேரியில் நிழல் ஓடியபோது யாரும் வாயைப் பிளக்கவுமில்லை. எல்லோரும் ஆட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடிகிற வரைக்கும் கொட்டகை அப்படியே உட்கார்ந்திருந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பி சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தான். "நாலு வருசம் நான் வரைஞ்சேன் அக்கா. கதைய ஆபரேட்டரு பண்ணிட்டாரு" என்றான். அன்று முதல் போகிற ஊரிலெல்லாம் அந்த மாதிரியே ஓட்டச் சொன்னான். தன் தப்பைச் சரிசெய்தவர் ஆபரேட்டர் என்று எல்லோரிடமும் அவனே சொன்னான். அடுத்த படம் எடுக்க யாரும் வரவில்லை. லாரிக்கு எழுதப் போனான். அந்த வேலையையும் குறைவாக நினைத்ததில்லை. "இது நிசமாவே ஊர் ஊராப் போவுது பாரு" என்பான்.

எனக்கு என்ன மிச்சம்? வர்ணம் உதிர்ந்த ஒரு கண்ணாடித் தாள், ஆட்டின் ஒற்றைக் காது மட்டும் தெரிகிறது. சந்தையில் எந்த ஆட்டைப் பார்த்தாலும் அது கால் வைக்கிற விதத்தைக் கவனிக்கிற பழக்கம். இவை போதும்.

நேற்றுப் படம் ஓட்டுகிறவர் வந்து டப்பாக்களைத் தரையில் பரப்பினார். மேலே எழுதியிருக்கிற வரிசைப்படி மாட்டட்டுமா என்று கேட்டார். மூன்றாவதை இரண்டாவதாகப் போடுங்கள், அவன் ஊர் ஊராகச் சொன்னது அதுதான் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். ஆனால் அவர் போன பிறகு டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சவரிக்குட்டி, உன் கையால் எழுதிய நம்பர்கள், பழைய வரிசையிலேயே. பெயிண்டும் பிரஷும் நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தவன் நீ. எல்லோரிடமும் வாயால் மாற்றிச் சொன்னவன், அந்த இரண்டு நம்பரை மட்டும் ஏன் மாற்றி எழுதாமல் விட்டாய், சாமி?