கூட்டிக் கழித்துப் பார்த்த கிணறு

ஒக்கூரில் என் மனைவியின் அண்ணனுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அடியில் தண்ணீர் இருந்தால் கிணறு வெட்டி ஊரோடு இருப்பது, இல்லையென்றால் மலேயாவுக்குக் கப்பலேறுவது என்று மச்சான் முடிவு செய்திருந்தார். அவர் போகக் கூடாதே என்று என் மனைவி வேண்டாத தெய்வமில்லை. நான் காரைக்குடியில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன். ரேடியோ வால்வுகளை வைத்து ஒரு பெட்டி கட்டியிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம், பார்த்துச் சொல்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

நிலத்தில் இரண்டு கம்பிகளை அடித்து பாட்டரியிலிருந்து மின்சாரம் விட வேண்டும். நடுவில் இன்னும் இரண்டு கம்பிகள். அவற்றுக்கிடையே எழும் வோல்ட் மிகச் சொற்பம். பெட்டி அதைப் பெருக்கி முள்ளை நகர்த்தும். குறைவாக நகர்ந்தால் ஈரம், அதிகம் நகர்ந்தால் காய்ந்த பாறை. ஈர மண்ணுக்கு என்ன அளவு என்று தெரிந்துகொள்ள, காலைக் குளிர்ச்சியில் ஊருணிக் கரையில் வைத்துப் பார்த்தேன்: மூன்று கோடு நகர்ந்தது.

உச்சி வெயிலில் மச்சான் நிலத்திலும் அதே மூன்று. அவர் கடப்பாரையை எடுத்துவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது. நடுக் கம்பிகளைக் கழற்றி, பெட்டியின் இரண்டு ஒயர் நுனிகளையும் சேர்த்துப் பிடித்தேன். வோல்ட்டே இல்லை, ஆனாலும் முள் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. சூட்டில் பெட்டி தன் இஷ்டத்துக்கு ஆடியது. திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் மறுபடி நகர்ந்தது. எரிச்சலில் அதை உதைக்கலாம் போலிருந்தது.

"எதுக்கும் கூட்டிக் கழிச்சுப் பாருங்க" என்றாள் கூட வந்திருந்த மனைவி. யோசித்துச் செய் என்பதற்கு எல்லோரும் சொல்வதுதான். நான் அதை அப்படியே செய்தேன். நிலத்துக் கம்பிகளை மறுபடி பூட்டினேன்: வலப்பக்கம் மூன்று. உடனே இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினேன்: இடப்பக்கம் ஒன்பது. கழித்துப் பாதியாக்கினால் மூன்று. அது பெட்டியின் சாய்வு, எப்படிப் பூட்டினாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். கூட்டிப் பாதியாக்கினால் ஆறு. இடம் மாற்றினால் பக்கம் மாறுகிற அதுதான் மண் சொன்னது.

ஆறு என்றால் பாறை. நிலம் முழுக்க நகர்ந்து நகர்ந்து பார்த்தோம். எங்கேயும் குறையவில்லை.

"எங்குட்டு வெட்டலாம் மாப்பிள்ளை?"

பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. "எங்குட்டும் வேண்டாம் மச்சான்" என்றேன். அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

மச்சானைக் கப்பலேற்றிவிட்டு வந்த அன்று மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"முதத் தடவையோட நிறுத்தியிருந்தீகன்னா, அண்ணன் இந்நேரம் கிணறு வெட்டிக்கிட்டாவது இங்குட்டு இருந்திருக்கும்."