ஓம், எரியுது

வாகனம் ஓட்டுகிறவர் தன் பின் விளக்கைத் தானே பார்க்க முடியாது. முன் விளக்குகள் எரிகின்றனவா என்று ஆசனத்தில் இருந்தே தெரியும். பின்னால் இருக்கும் சிவப்பு விளக்குக்கு இன்னொருவரின் வாயைத்தான் நம்ப வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வாய் என்னுடையது.

என் கணவரிடம் ஒரு சின்ன லொறி இருந்தது. பழைய காரொன்றின் பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு இரும்புப் பெட்டி பூட்டியது. இன்றைக்கென்றால் பிக்கப் என்பார்கள். கோப்பாய்த் தோட்டங்களின் கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போவார். புறப்படும்போது நாள் தவறாமல் ஒரே கேள்விதான்: "இஞ்சாரும், பின்னாலை எரியுதோ?" நான் வாசல் படலையடிக்குப் போய்ப் பார்த்து, "ஓம், எரியுது" என்பேன். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. குசினிக்குள் நின்றபடியே "ஓம், எரியுது" என்று குரல் கொடுத்துவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சந்தைக்குப் போகும் வழியில், இருபாலைக்குக் கிட்டப் பின்னால் வந்த பஸ் இடித்தது. இரும்புப் பெட்டி நசுங்கி, லொறி மதகில் மோதி, இவருடைய இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முன்னால் ஒரு வாகனம் போனதே தெரியவில்லை, சிவப்பு வெளிச்சம் இல்லை என்று பஸ்காரர் சத்தியம் பண்ணினார். இவருடைய தமையனார் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று, லைற் இல்லாமல் ஓடுகிற விசரன் என்று நாலுபேர் கேட்க ஏசினார். இவர் மெல்ல, "வீட்டிலை எரிஞ்சது. வழியிலை நிண்டிட்டுது போலை" என்றார். ஊரையே வாயால் அடக்குகிறவள் நான். அன்றைக்கு அந்த வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்குண்டு.

முறிவு வைத்தியரின் கட்டு அவிழ்ந்து, தடியூன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் இவர் லொறிப் பக்கம் போகவில்லை. விறாந்தைக் கதிரையை அதற்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பார். கதை பேச்சு இல்லை. விற்றுவிடலாம் என்று ஒருநாள் சொன்னார். வாகனம் என்றால் சோறும் வேண்டாம் என்று கிடந்த மனிதர்! லொறி போனால் போகட்டும். இந்த மனிதர் இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு முடிந்துபோய்விடுவாரோ என்றுதான் பயந்தேன். என்னால் கெட்டது, நான்தான் சரிக்கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எஞ்சினை ஒரு மெக்கானிக் திருத்தித் தந்தார். லைற் வேலைக்கு நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான், அவருடைய நாளை இன்னும் விடியவில்லை. பின் பெட்டியை இவருடைய சிநேகிதரான குருநகர்த் தச்சர் வேப்பம் பலகையில் செய்து தந்தார். வள்ளம் கட்டுகிற தச்சர். கடலில் தள்ளினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். கத்தரிக்காய் நீந்தவா போகிறது என்று கேட்டேன். சிரித்தார்.

சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறிக்குக் கீழே புகுந்தேன். இவர் வேலை செய்யும்போதெல்லாம் லாந்தர் பிடித்து நின்றவள் நான். கண்ணை மூடிக்கொண்டா நின்றேன்? பற்றறியில் இருந்து சுவிச்சுக்கு, அங்கிருந்து விளக்குக்கு வயர் போகும். திரும்பி வருவதற்கு வயர் கிடையாது, லொறியின் இரும்புச் சட்டமே வழி. அவ்வளவுதான் வித்தை. முன் விளக்குகள் இரண்டையும் ஒரே பகலில் எரியவைத்தேன். தமையனார் வந்து, பெண்பிள்ளை இப்படி நிலத்தில் கிடப்பது வடிவா என்று கேட்டார். அப்படியென்றால் நீங்கள் வந்து கிடவுங்கள் என்றேன். சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

பின் விளக்குத்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. கையில் எடுத்துப் பற்றறியில் பிடித்தால் எரியும். கொண்டுபோய்ப் பலகையில் பூட்டினால் எரியாது. வயரை மாற்றினேன். சுவிச்சைக் கழற்றிச் சுரண்டினேன். மூன்று நாள் இதே கூத்து. மூன்றாம் நாள் பொழுதுபட, கண்டறியாத விளக்கு என்று திட்டிக்கொண்டு அதைப் பிடுங்கினேன். வயரோடு தொங்கிய விளக்கு ஆடிப்போய்ச் சட்டத்து இரும்பில் பட்டது. பட்ட கணம் சிவப்பாக எரிந்தது. இரும்பை விட்டு எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது.

பிறகுதான் விளக்குப் பூட்டிய தகட்டை வடிவாகப் பார்த்தேன். அந்தத் தகட்டில் இருந்து பலகையைத் துளைத்துச் சட்டம்வரை போகும் ஆணிகள் ஒவ்வொன்றுக்கும் தச்சர் தாரும் பஞ்சும் அடைத்து வைத்திருந்தார், வள்ளத்துக்கு அடைப்பதுபோல. இரும்போடு இரும்பு எங்கும் தொடவில்லை. மனிதர் தண்ணீருக்குப் போட்ட தடை மின்சாரத்தையும் மறித்துவிட்டது. ஆணிகளைக் கழற்றி, தாரை அரத்தால் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியுமட்டும் விடாமல் தேய்த்தேன். விரல் தோலும் கொஞ்சம் போனது. போகட்டும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிச் சுவிச்சைப் போட்டேன். லொறியின் பின்பக்கம் விறாந்தையைப் பார்த்தபடி நின்றதால், இவர் பார்த்துக்கொண்டிருந்த சுண்ணாம்புச் சுவரில் மங்கலாகச் சிவப்பு விழுந்தது. இவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். விளக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளன எழுப்பும்" என்றார்.

மறுநாள் கத்தரிக்காய்ச் சாக்குகள் ஏறின. இவர் தடியை உள்ளே போட்டுவிட்டு ஏறி இருந்தார். எஞ்சின் உறுமியது, லொறி படலையைத் தாண்டி ஒழுங்கையில் நின்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் கேட்டது.

"இஞ்சாரும், பின்னாலை எரியுதோ?"

நான் படலையடியில், விளக்குக்கு நேரே நின்றேன். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் முதலில் வந்தது.

"அண்டைக்கு நான் பாக்கேல்லை. குசினிக்குள்ளை நிண்டுதான் சொன்னனான்."

இவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"தெரியும். குரல் குசினியிலை இருந்துதானே வந்தது. தெரிஞ்சுகொண்டுதான் நானும் லொறியை எடுத்தனான்."

ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கும் முன்னால் விசரன் பட்டம் வாங்கிக்கொண்டு கிடந்தவர், எல்லாம் தெரிந்துதான் கிடந்திருக்கிறார்.

"இப்ப சொல்லும். எரியுதோ?"

"ஓம், எரியுது."

லொறி ஒழுங்கையால் இறங்கித் தெருவில் ஏறியது. அந்தச் சிவப்பு வளைவில் மறையும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குசினியில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.