நாற்பத்திரண்டு கருவிகள்

அந்த மருத்துவமனையில் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணிதான். அவருடைய நாத்தனார் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே அது தொற்றிக்கொண்டது. இருவருக்கும் கீழ்த்தளத்தில் ஒரே மேசையில் வேலை. கழுவி வந்த அறுவைக் கருவிகளைத் தட்டில் அடுக்கி, துணியில் கட்டி, கிருமி நீக்கும் நீராவிக்கு அனுப்பவேண்டும். பெரிய தட்டுக்கு நாற்பத்திரண்டு கருவிகள். அண்ணி ஒன்று வைப்பார், எதிரே நிற்கும் நாத்தனார் அடுத்ததை வைப்பார். வீட்டில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். மேசையில் மட்டும் பத்தொன்பது வருடமாக ஒரு தட்டுகூடக் குறையாகப் போனதில்லை.

இதெல்லாம் போதாது என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று தோன்றியது. பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு பெயரையும் எழுதவேண்டும்.

அண்ணி இருபத்தொன்று எழுதினார். அதற்குமேல் தலைகீழாக நின்றும் வரவில்லை. அடுத்த அறையில் நாத்தனாரும் இருபத்தொன்றோடு பேனாவை மூடிவிட்டார். மேற்பார்வையாளர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதில் இருந்தது அதில் இல்லை. சேர்த்தால் நாற்பத்திரண்டும் இருந்தன. மனிதர் கொஞ்சம் ஆடித்தான் போனார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மார்க்கா போடக்கூடாதா சார்?" என்றார் நாத்தனார்.

"மார்க் ஆளுக்குத்தாம்மா. மேசைக்கு இல்ல."

ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. பேருந்திலும் அடுப்படியிலும் ஒருவர் பாதியை மற்றவர் மனப்பாடம் செய்தார்கள். அண்ணிக்கு நாத்தனாரின் பாதி வேப்பங்காயாகக் கசந்தது. ஆனாலும் இருவருமே தேறிவிட்டார்கள். ஆளுக்கு நாற்பத்திரண்டும் தெரியும்போது ஒரு மேசைக்கு இரண்டு பேர் எதற்கு என்று நிர்வாகம் யோசித்தது. அண்ணிக்குக் காலை ஷிப்ட், நாத்தனாருக்கு மாலை என்று பிரித்துப் போட்டார்கள்.

மூன்றாவது வாரம் அண்ணி கட்டிய தட்டு ஒன்று அறுவை அறையிலிருந்து திரும்பி வந்தது. ஓர் இடுக்கி இல்லை. பிரித்தவுடனே கவனித்துவிட்டதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணிக்குத்தான் அவமானத்தில் முகம் சுண்டிப்போயிற்று.

"பரீட்சையில எல்லாத்தையும் எழுதினீங்களே அண்ணி?" என்றார் மேற்பார்வையாளர்.

"இப்பவும் கேளுங்க, ஒப்பிக்கிறேன்," என்றார் அண்ணி. "ஆனா நான் ஒண்ணை விட்டுட்டா, அவ கை அப்படியே நிக்கும் சார். அதைப் பார்த்துத்தான் விட்டது எனக்கே தெரியும்."