வேலிக்கு வெளியே நின்றவன்

கட்டையா... உன் சட்டையில் எப்போதும் சுருட்டு வாசமும் தரைக்குப் போடும் மெழுகு வாசமும் கலந்து வரும். எத்தனை துவைத்தாலும் போகாது.

தலவாக்கலைக்கு மேலே துரைமார் கிளப்பில் உனக்கு வேலை. மேசை துடைப்பது, கிளாஸ் கழுவுவது, இசைத்தட்டு மாற்றுவது.

என் தம்பியைத் தெரியாதவர்களுக்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன். நான் ரெண்டாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக்கூடை தூக்கியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உனக்கு ஜாஸ் என்றால் உயிர். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தட்டின் நடுவில் ஒட்டிய தாளின் நிறம்தான் உனக்கு அடையாளம்.

"செவப்புத் தாள்ல ஊதுறானே அக்கா, அவன் மனுசன். நீலத் தாள்காரன் சும்மா வெரல் வித்தை காட்டுறான்."

நடுவில் யாராவது பாட வந்துவிட்டால் பிடிக்காது. தட்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுவது அதைவிடக் கோபம். "அவன் இப்பத்தான் மூச்சே எடுக்குறான், அதுக்குள்ள ஊசி நடுவுக்கு வந்துருது!"

ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் தப்படிக்கும் பெருமாள் மாமாவையும் விடவில்லை. "மாமா அந்த டிரம்காரனவிட கெட்டிக்காரரு. என்னா, நிறுத்தத் தெரியாது" என்றாய். மாமா ஒரு வாரம் உன்னைப் பார்த்தாலே துண்டை உதறிக்கொண்டு போனார்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றியும் இதே பேச்சுதான்.

"ஒருத்தன் தனியா ஊதுறப்ப மத்தவன் சும்மா இருக்கல அக்கா. அவன் விழாமப் புடிச்சுக்கிறான். அப்புறம் அடுத்தவன் முறை. நம்ம சங்கத்துல தலைவர் மட்டுந்தான் ஊதுறாரு."

இதைக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். சங்கத்தின் தோட்டத் தலைவர் மாரிமுத்து சிரிக்கவில்லை.

ஆனாலும் ஒரு கூட்டத்துக்குக்கூட நீ போகாமல் இருந்ததில்லை...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்து கொஞ்ச காலம் இருக்கும். வேலையை விட்டு நிறுத்திய ரெண்டு பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி ஸ்ட்ரைக் வந்தது. கிளப் ஆட்களும் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். நீயும் நின்றாய்.

பத்தாவது நாள் கிளப்பில் டான்ஸ். கொழும்பிலிருந்து பேண்ட் வாசிக்கும் ஆட்கள் ரயிலில் வந்து இறங்கிவிட்டார்கள். உன்னைக் கூப்பிட ஆள் வந்தது. "ஸ்ட்ரைக் முடியாம கேட்டுக்குள்ள கால வைக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழு வருஷமாகத் தட்டில் கேட்டதை மனுஷர் ஊதிக் கேட்டதே இல்லையே நீ. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனாய். மரவேலிக்குப் பின்னால், மழைத்தூறலில் நின்று, அவர்கள் ஒத்திகை பார்த்ததைக் கேட்டாய். திரும்பி வந்தபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

"அவங்களுக்கும் பின்வாசல்லதான் அக்கா சோறு. அவங்களுக்கும் ஒரு சங்கம் வேணும்" என்றாய்.

கிளப் பாதையில் நீ இறங்கி வந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மாரிமுத்து தலைவர் வந்து நின்றார்.

"இந்தா புள்ள, நேத்து மத்தியானம் ஒந்தம்பி எங்க?"

"காய்ச்சலுங்க தலைவரே... காம்பராவுலயே சுருண்டு கெடந்தான்" என்றேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிவிடலாம் என்று ஓடி வந்தேன். அதற்குள் உன்னைச் சங்கம் கூடும் கோயிலடிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

நான் போய்ச் சேரும்போது நீ எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தாய். "போனேன். வேலிக்கு வெளியதான் நின்னேன். உள்ள போகல."

தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அக்காக்காரி காய்ச்சல்ங்கிறா, நீ வேலிங்கிற. அப்ப உள்ள யாருக்கு கிளாஸ் கழுவுன? பேண்டுக்காரனுக்கா, தொரைக்கா?"

"கருங்காலி!" என்றது பெருமாள் மாமாவின் குரல்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. 'அக்கா பொய் சொல்லிட்டா' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் என் நாக்கு எழும்பவில்லை...

சங்கத்திலிருந்து உன் பேரை வெட்டினார்கள். ஸ்ட்ரைக் ஜெயித்தது. அந்த ரெண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். ஸ்ட்ரைக்கில் நின்றவன் என்று கிளப் உன்னைச் சேர்க்கவில்லை; மற்றவர்களுக்குப் பேசிய சங்கம் உனக்குப் பேசவில்லை. ஸ்ட்ரைக்கை உடைத்தவன் என்று லயம் உன்னோடு பேசவில்லை. அடுத்த காம்பராவில் அடுப்புக்கு நெருப்புக்கூடத் தரவில்லை.

நாலைந்து வருஷம் அப்படிக் கிடந்தாய். அப்புறம் இந்தியாவுக்கே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாய். நீலகிரியிலிருந்து ஒரே ஒரு கடுதாசி வந்தது. 'இங்கேயும் தேயிலைதான் அக்கா. குளிர் கொஞ்சம் குறைவு.'

போன மாதம் உன் மகள் போனில் கூப்பிட்டாள். நீ கண்ணை மூடிப் பதினொரு நாள் ஆகிவிட்டது என்றாள்.

இப்போது என் பேரன் போனைத் தட்டினால் அந்த ஊதல் மணிக்கணக்காய் ஓடுகிறது. ஊசி மாற்ற வேண்டாம், யாரும் எழுந்து போக வேண்டாம். அன்றைக்கு அதைக் கேட்க ஒரு மனுஷன் தன் பேரையே தொலைக்க வேண்டியிருந்தது. கோயிலடியில் அன்று நின்றவர்களில் இன்று நான்தான் மிச்சம். நீ உள்ளே போகவில்லை என்று இப்போது இங்கே எழுதுகிறேன். யாருக்கு இனி அது வேண்டும்?

அந்தக் கோயிலடிக்கு அப்புறமும், நீ ரயில் ஏறும்வரை, ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில் அத்தனை வருஷம் இருந்தோம். 'ஏன் அக்கா அப்படிச் சொன்ன' என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதும் என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாய்.

என்னை மன்னித்துத்தான் தடவினாயா, கட்டையா?