ஆடியது என் கையா, வண்டியா?

போன வருடம் மழை தொடங்கிய நாட்களில் நடந்தது இது. ரிவர்ஸ்டன் மலைக்குப் போகும் வழியில், ரத்தோட்டை டவுனுக்குக் கொஞ்சம் மேலே எங்கள் வீடு. மிளகு, கராம்புக் கன்றுகள் வளர்த்து விற்கிறோம். கன்று ஏற்றுவதற்கென்று, எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் கணவரிடம் பின்னால் திறந்த தட்டு வைத்த ஒரு பழைய கெப் வண்டி இருக்கிறது. அவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதால், அதை நான் ஓட்ட வேண்டியதாயிற்று. லைசன்ஸ் எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தாலும், அதுவரை நான் ஓட்டியது தம்பியின் சின்னக் காரைத்தான்.

முதல் நாளே வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தேவைக்கு மேல் திரும்பிவிடும். நேரான ரோட்டிலும் இடமும் வலமுமாக அலைந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "பதினஞ்சு வருஷமா ஓட்டுறேன், எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலயே. காரு ஓட்டின கைதானே, பழகிரும்" என்றார். கிண்டல் இல்லை. அன்பாகத்தான் சொன்னார், அதனாலேயே நம்பினேன்.

இருந்தாலும் மனம் கேட்காமல் டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் முன்பக்கத்தை ஜெக் வைத்துத் தூக்கி, டயரோடு சில்லுகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் கம்பியில் தேய்ந்திருந்த மூட்டு ஒன்றை மாற்றினார். "பழைய வண்டிக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்தானே தங்கச்சி. இறுக்கிப் பிடிச்சு ஓட்டுங்க" என்றார். இறுக்கிப் பிடித்தேன். தோள் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு காலை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது வளைவில் எதிரே பஸ் வந்தது. இடப்பக்கம் ஒடித்தேன். ஒரு கணம் வண்டி திரும்பவே இல்லை. பிறகு ஒரேயடியாகத் திரும்பி, முன்சில்லு ரோட்டோரத் தண்ணீர்க் கானின் விளிம்பில் போய் நின்றது. பஸ் உரசாமல் போய்விட்டது. மகள் என்னைப் பார்த்து, "அப்பா ஓட்டுறப்ப இப்படி ஆடாதேம்மா" என்றாள். அன்றே சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்; அதன் பிறகு வண்டியைத் தொடவில்லை.

கைக்கட்டைப் பிரித்த பிறகு என் கணவர் வண்டியை எடுத்தார். அதே ரோடு, அதே வண்டி, கோடு போட்டது போல் போனது! எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எனக்குத்தான் கையில் ஏதோ கோளாறா? கண்ணிலா? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் கன்று ஏற்றிக்கொண்டு இருவரும் கலேவெலவுக்குப் போனோம். வெட்டவெளியில் நீண்டு கிடக்கும் ரோடு. பேச்சு ஓய்ந்து, சும்மா அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஓயவே இல்லை. இடம், வலம், இடம், வலம் என்று சிறிதாக அசைந்துகொண்டே இருந்தன.

"ஏங்க, ரோடு நேரா இருக்கு. எதுக்கு ஸ்டியரிங்க ஆட்டிக்கிட்டே வாறீங்க?"

"நானா? நான் எங்க ஆட்டுறேன்?"

"கையப் பாருங்க."

பார்த்தார். பிறகு கைகளை அசைக்காமல் பிடித்தார். வண்டி மெல்ல ரோட்டின் நடுப்பக்கமாக விலக ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தினார்.

அவரை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டச் சொல்லிவிட்டு, போன் வெளிச்சத்தோடு நான் கீழே குனிந்து பார்த்தேன்.

"என்ன தெரியுது?" என்று மேலிருந்து கேட்டார்.

"பெட்டி மாதிரி ஒண்ணு ஆடுது."

"பெட்டி ஆடாதே! அதுல இருந்து வர்ற கம்பிதான் ஆடணும்."

"இல்லங்க, பெட்டியே ஆடுது."

அவர் இறங்கி வந்து படுத்துப் பார்த்தார். ஸ்டியரிங் பெட்டியைப் பொருத்தியிருந்த இடத்தில் வண்டியின் இரும்பு அடிச்சட்டமே வெடித்துப் பிளந்திருந்தது. திருப்பும்போதெல்லாம் அந்த வெடிப்பு வாய் திறந்து மூடியது. மெல்ல எழுந்தார். "பஸ் வந்த அன்னைக்கு... புள்ளயும் உள்ள..." என்றார். அப்படியே ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு மேல் ஓட்டவில்லை. வண்டியை ஒரு லொறியில் ஏற்றித்தான் கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக்கும் தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு ஜெக்ல தூக்கித்தானே பாத்தேன். சில்லு மேல பாரம் இல்லாட்டி வெடிப்பு திறக்காது. எனக்குத் தோணாமப் போச்சு தங்கச்சி" என்றார்.

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் யார் மேல்? யாரும் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த பழுதுக்கு என் கணவரின் கைகள் அவருக்கே தெரியாமல் ஈடுகொடுத்திருக்கின்றன. புதிதாகப் பிடித்த என் கைக்கு அது தெரிந்தது. தெரிந்தும் என் கையை நானே நம்பவில்லை.

சட்டத்தை வெல்டிங் செய்து பலப்படுத்திய பிறகு நாங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டுகிறோம், வண்டி சொன்னபடி கேட்கிறது. ஆனாலும் பழகிப்போனதால் எனக்குத் தெரியாமல் என் வாழ்க்கையில் இன்னும் என்னென்ன ஆடிக்கொண்டிருக்கிறதோ என்ற குழப்பம் மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.