சட்டமன்ற மாடத்திலிருந்து பாவுத் தெரு வரை: மனைவியைப் பார்க்க ஒரு பயணம்

இந்தத் தளத்தில் இதுவரை மலை, அருவி, கோட்டை என்று எழுதி வந்திருக்கிறேன். கட்டிய மனைவியைப் பார்க்கப் போனதை எழுதுவது இதுதான் முதல் தடவை. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். சட்டமன்றம் நடப்பதை நேரில் பார்த்துவிட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் காஞ்சிபுரம் போக நினைப்பவர்களுக்கு இதில் உபயோகமான தகவல் உண்டு.

என் மனைவி சுமதி சட்டமன்ற உறுப்பினர். எந்தக் கட்சி என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. நான் சூரத்தில் ஒரு சாயக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவள் ஜெயித்தபோது, ஐந்து வருடம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். ஓடவில்லை, நகர்ந்தது. இப்போது அடுத்த தேர்தலிலும் நிற்கச் சொல்லிக் கட்சியில் கேட்கிறார்கள். "போன்ல எதுவும் சொல்லாத. நேர்ல வந்து சொல்லு. உன்ன கேட்டுட்டுதான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்" என்றாள். இந்த ஆண்டு மானியக் கோரிக்கைக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த கோடை வாரத்தில் சூரத்தில் ரயில் ஏறினேன். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் ஏறினேன்.

சூரத்திலிருந்து சென்னைக்கு ஒரு முழு நாளும் இன்னும் கொஞ்ச நேரமும் ஆகும். அவ்வளவு நேரமும் மேல் படுக்கையில் கிடந்து அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கோபமாக, கெஞ்சலாக, விளையாட்டாக என்று எல்லா விதமாகவும் சொல்லிப் பார்த்தாயிற்று.

சென்னையில் உறுப்பினர் விடுதியில் அவளுக்கு அறை உண்டு. எம்.எல்.ஏ. அறை என்றால் ஏதோ மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். தொகுதியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருபவர்களும் அவர்களுடன் துணைக்கு வருபவர்களும் தங்குவது அங்கேதான். நான் போனபோது உள்ளறையில் சுமதியோடு மூன்று பெண்கள். வெளியறையில் கண் ஆபரேஷனுக்கு வந்த ஏனாத்தூர் விவசாயி ஒருவரும் அவருடைய மகனும். எனக்கும் அங்கேயே ஒரு பாய் போட்டார்கள். "நீங்க எதுக்கு வந்துக்கிறீங்க, கண்ணா, காதா?" என்று பெரியவர் அக்கறையாக விசாரித்தார்.

மறுநாள் காலை கோட்டை. பார்வையாளர் மாடத்துக்கு உறுப்பினர் வழியாக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்; அடையாள அட்டை கட்டாயம்; போனும் பையும் உள்ளே கொண்டுபோக முடியாது. மாடத்தில் கையசைக்கக் கூடாது, பேசக் கூடாது, கால்மேல் கால் போட்டாலும் காவலர் வந்து முழங்காலைத் தொடுகிறார். ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டேன். மேலே இருந்து பார்க்க அவளுடைய தலை வகிடும், கழுத்துப் பக்கம் லேசாக நரைத்த முடியும்தான் தெரிந்தன. அந்த நரை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி நேரத்தில் அவளுடைய முறை வந்தது. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்து, நெசவாளர்கள் பாவு விரிக்கக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம் வேண்டும் என்று கேட்டாள். பட்டுப் புடவைக்கு நெடுக்கில் ஓடும் நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதை முழு நீளத்துக்கும் விரித்து, இழை இழையாகச் சரிபார்க்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு வீட்டுக்குள் ஏது இடம்? தெருவில்தான் விரிக்கிறார்கள். தூறல் விழுந்தால் அன்றைய வேலை போயிற்று. நெசவாளர் வீட்டில் பிறந்தவள் என்பதால் எதையும் பார்த்துப் படிக்காமல் பேசினாள். அமைச்சர் எழுந்து, இந்த ஆண்டே கட்டித் தரப்படும் என்றார். மேசைகளைத் தட்டினார்கள். எனக்கும் தட்ட வேண்டும் போலிருந்தது, முழங்காலைத் தட்டிக்கொண்டேன். ஒரு தடவையாவது அண்ணாந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன், பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் முறை. ஆனாலும் எனக்கு ஏக்கமாக இருந்தது.

மதியம் அவளுக்கு ஏதோ குழுக் கூட்டம். "நாளைக்கு சபை லீவு. நீங்க முன்னாடி ஊருக்குப் போங்க, நான் கார்ல வந்துடறேன்" என்று வராந்தாவில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு பேர் முன்னால் வாங்க போங்க. எங்களுக்குள் வா போ. கல்லூரியில் ஒன்றாகப் படித்த பழக்கம் அது. வந்ததிலிருந்து 'வாங்க'தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோட்டை ஸ்டேஷனில் திருமால்பூர் வண்டியைப் பிடித்தேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். செங்கல்பட்டு சுற்றிப் போகும் பாதை, காஞ்சிபுரத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். சாலை வழியாகப் போனால் எழுபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் பூந்தமல்லி தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு இருக்கும் செவிலிமேட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டார், நூற்றியிருபதுக்கு வந்தார்.

"எம்.எல்.ஏ. ஊட்டாண்டயா? மனு குடுக்கவா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"மனு மாதிரிதான். வாயால சொல்லணும்."

"அப்ப காலைல ஆறு மணிக்கே போய் நின்னுக்கோ சார். கார் எடுத்துட்டாங்கன்னா புடிக்க முடியாது. ஆனா நல்ல மாதிரிபா அந்த அம்மா. யார் போனாலும் உக்கார வச்சி பேசுது."

யார் போனாலுமாம். கூடப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

சுமதி வீடு வந்து சேர்ந்தபோது நான் தூங்கிப் போயிருந்தேன். காலையில் ஆட்டோக்காரர் சொன்னது சரிதான். ஆறு மணிக்கு வாசலில் பத்துப் பதினைந்து பேர். அவர்களை அனுப்பிவிட்டு, "வர்றீங்களா?" என்று கேட்டாள். முதலில் ஓரிக்கையில் ஒரு துக்கம் விசாரிக்க வேண்டும், அப்புறம் ஏனாத்தூரில் ஒரு புதுமனை புகுவிழா. காரில் அவள், நான், டிரைவர் பாபு. பாபு சென்னைப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஓரிக்கை போய்வரும் வரை அவளுடைய போன் ஓயவே இல்லை. நான் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன்.

ஓரிக்கையிலிருந்து ஏனாத்தூருக்கு நேராகப் போகாமல் கார் பிள்ளையார்பாளையம் பக்கம் திரும்பியது. அது எதிர்த் திசை. அங்கேயும் யாரையோ பார்க்க வேண்டும் போல என்று இருந்துவிட்டேன். ஒரு நெசவாளர் தெருவில் நுழைந்ததும் கார் நின்றது. தெரு முழுக்கப் பாவு விரித்திருந்தார்கள். இடுப்பு உயரக் கவைக்குச்சிகள் மேல் அரக்கு நிறப் பட்டு இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பேர் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு குச்சிய கொஞ்சம் ஓரமா நவுத்தினா பூந்து போயிடலாம் மேடம்" என்றான் பாபு. அவள் அவனைப் பார்த்த பார்வையில் காரே அணைந்திருக்கும். விரித்த பாவை எவ்வளவு அவசரமானாலும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பால் வண்டியும் நிற்கும், பள்ளிக்கூட வேனும் நிற்கும். "அப்ப ரிவர்ஸ் எடுக்கட்டா?" என்றான். "வேணாம், முடியட்டும். போய் டீ குடி" என்றாள். போனை சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்கினாள். புரியாமல் நானும் இறங்கினேன்.

வரலட்சுமி என்ற நெசவுக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சுமதிமா, ஊட்டுக்காரர் வந்துக்கிறாரா? வா, கை சும்மாதான இருக்குது, இந்தப் பக்கம் பாரு."

சுமதி முந்தானையைச் செருகிக்கொண்டு பாவுக்கு அந்தப் பக்கம் போனாள். நான் இந்தப் பக்கம். நடுவில் பட்டு. அவள் அறுந்த இழைகளைத் தேடி எடுத்து, விரலில் திரித்து ஒட்டிக்கொண்டே நகர்ந்தாள். நானும் கூடவே நகர்ந்தேன். கூடத்தைப் பற்றிச் சொன்னதும் வரலட்சுமியம்மாவுக்கு வாயெல்லாம் பல். "மழையானாலும் கவலையில்லமா இனிமே" என்றார். கூடம் வந்துவிட்டால் இந்தத் தெருவில் எந்தக் காரும் நிற்காது என்று எனக்குத் தோன்றியது. எம்.எல்.ஏ.வின் புருஷன் நினைக்கக் கூடாததுதான், ஆனால் நினைத்தேன்.

அந்த அம்மா மறுமுனைக்குப் போனதும் சுமதி தலை நிமிராமல் கேட்டாள். "இன்னா யோசிச்ச?"

நான் வந்த பிறகு முதல் தடவையாக வா போ. என் மனசு இளகிவிட்டது. வேண்டாம் சுமதி, போதும், வீட்டுக்கு வந்துவிடு, இல்லையென்றால் நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், நாம் ஒன்றாக இருப்போம். இதைச் சொல்லத்தான் சூரத்திலிருந்து வந்தேன். அவளைப் பார்த்தேன். வேர்வையும் சிரிப்புமாக இருந்தாள். மாடத்திலிருந்து பார்த்தவளும் இவளும் ஒருத்திதான். இவளிடம் போய் எப்படி வேண்டாம் என்பது?

"நில்லு" என்றேன்.

"சரி" என்றாள். அடுத்த இழையைத் தேடினாள். பெரிய மனுஷன் மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாவைச் சுருட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் கொழுந்தியா வீட்டுக் கல்யாணமும் சூரத் வெயிலும்தான்.

அன்று மதியம் நான் கிளம்ப வேண்டும், சாயங்காலம் சென்ட்ரலில் ரயில். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளும் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நடத்துனர் பதறிப் போனார். முன் சீட்டுக்காரர் திரும்பி, தெருவிளக்கு எரியவில்லை என்று ஆரம்பித்தார். "ரெண்டு நிமிஷம்ணா, ஊட்டுக்காரரு ஊருக்குப் போறாரு" என்று அவரைக் கும்பிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னைக்கு அந்தத் தெருவுல பாவு போடுவாங்கன்னு எனக்கு நேத்தே தெரியும். பாபுவ அந்த வழியா வுடச் சொன்னதே நான்தான்."

"எதுக்கு?"

"கார் நின்னாதான் உனக்குப் பேச நேரம் கெடைக்கும். நீ வேணாம்னு சொல்லுவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"சொல்லியிருந்தா நிக்காம இருந்திருப்பியா?" என்றேன்.

"நின்னிருப்பேன். ஆனா நீ சொல்லியிருக்கலாம்ல?"

நடத்துனர் விசில் கொடுத்தார். அவள் இறங்கினாள். தெருவிளக்குக்காரர் ஜன்னல் வழியாக மறுபடி ஆரம்பிக்க, பஸ்ஸோடு நடந்துகொண்டே கேட்டுக்கொண்டாள். சுங்குவார்சத்திரம் தாண்டும் வரை நான் டிக்கெட் வாங்கக்கூட மறந்திருந்தேன். நடத்துனரும் வந்து கேட்கவில்லை.

இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுபவர்களுக்குச் சில விஷயங்கள். மாடத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நடுவில் எழுந்து போனால் திரும்ப உள்ளே விட நேரமாகும். மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்குப் பிறகு கூட்டம் குறையும், ஜன்னலோரம் கிடைக்கும். பாவு பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் நெசவாளர் தெருக்களுக்குப் போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், இழையைத் தொடாதீர்கள். கூடம் கட்டுவதற்குள் போய்விடுவது நல்லது.

என்னைப் போல யாரிடமாவது வேண்டாம் என்று சொல்லக் கிளம்பியிருந்தால், போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.